ரகூசாவைக் கரைசேர்த்தல்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் ஒற்றை மாகாண நாட்டை ஆடுவோர்க்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாட்டை எடுத்து நூற்றாண்டுகளாக நடத்திச்செல்லும் கணினி உத்தி விளையாட்டான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள்தான் வார்னாவில் ஒட்டோமான் படை சிலுவைப் படையைச் சிதறடித்திருந்தது. போலந்தையும் ஹங்கேரியையும் ஒருசேர ஆண்ட இளம் அரசர் விளாதிஸ்லாவ் அக்களத்திலேயே மடிந்தார். ஆகவே பால்கன் பகுதியில் ஒரு சிறு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர், துணைக்கு வரக்கூடிய பெரிய அரசு தலைவனை இழந்து நிற்கும் வேளையில் ஆட்டத்துக்குள் நுழைகிறார். அப்படிப்பட்ட சிறு நாடுகளுள் புதியவர்க்கு நான் பரிந்துரைப்பது ரகூசா, அதாவது இன்றைய குரோவாஷியாவின் துப்ரோவ்னிக் நகரம். அதற்கு இருப்பது ஒரே மாகாணம். கடலில் வெனிஸ், மலைக்கு அப்பால் போஸ்னியா, அதற்கும் அப்பால் ஒட்டோமான் பேரரசு என்று சுற்றிலும் அதைவிடப் பெரியவர்கள்.

உண்மையான ரகூசா குடியரசு இந்த நெருக்கடியைத் தாண்டி வாழ்ந்தது. 1205 முதல் 1358 வரை வெனிஸின் மேலாதிக்கத்தில் இருந்து, பின்னர் ஹங்கேரி அரசரைத் தலைவராக ஏற்று, 1481-இலிருந்து ஆண்டுக்கு 12,500 தங்க தூகாத்துகளைச் சுல்தானுக்குக் கப்பமாகக் கட்டி, 1808-இல் நெப்போலியனின் ஆட்கள் அதைக் கலைக்கும்வரை தன் சட்டங்களோடும் கொடியோடும் நின்றது. ஆட்டம் 1821-இல்தான் முடிகிறது என்பதால், அதன் காலவரையறையின் பெரும்பகுதியை அந்நகரம் பெரிய படையெடுப்பு எதையும் நடத்தாமலே கடந்துவிட்டது என்று சொல்லலாம். அது நம்பியிருந்தது பெரிய அரசுகள் ஒன்றையொன்று அஞ்சிய அச்சத்தை. அந்த அச்சத்தை ஆட்டத்தில் எப்படிக் கண்டறிவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதையே பின்வரும் படிகள் விளக்குகின்றன. காஸ்டில், போர்ச்சுகல் போன்ற வசதியான நாடு ஒன்றைச் சில பத்தாண்டுகளேனும் ஆடி, பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று அறிந்த பிறகு இதற்கு வருவது நல்லது. திரையில் தெரியும் பெயர்களை ஆங்காங்கே மேற்கோள் குறிக்குள் அவ்வாறே தந்திருக்கிறேன்.

முதல் படி: காலத்தை ஓடவிடாமல் படிப்பது

ஆட்டம் நிறுத்தப்பட்ட நிலையில்தான் திறக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்துமுன் அரைமணி நேரம் வரைபடத்தைப் படிப்பது வீண் அன்று. பெரிய நாட்டை ஆடுபவர் முதல் ஐந்தாண்டுகளில் செய்யும் தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஒரே மாகாணம் உடையவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. முதலில் வெனிஸ், ஒட்டோமான், ஹங்கேரி, ஆஸ்திரியா ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, அவை யாரை ‘ரைவல்’ (போட்டி நாடு) எனக் குறித்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியல் ஒவ்வோர் ஆட்டத்திலும் சற்று மாறுவதால், இணையத்தில் பிறர் எழுதிய பட்டியலை நம்பிப் பயனில்லை. அடுத்து, உங்கள் நாட்டின் பாதுகாப்புக்கு எவரேனும் ‘கேரண்டி’ அளித்திருக்கிறார்களா, உங்கள் மாகாணத்தின்மேல் எவருக்கேனும் உரிமைகோரல் உண்டா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் புதுப்பிப்புகள் தொடக்க நிலையை மாற்றிக்கொண்டே வந்திருப்பதால் இதையும் கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

‘அயர்ன்மேன்’ முறையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் நீங்கள் விரும்பிய இடத்துக்குத் திரும்பிச் செல்ல முடியாது. கற்கும் காலத்தில், அதே போரை வேறு கூட்டாளியுடன் மறுபடி நடத்திப் பார்ப்பதைப் போல் கற்றுத்தருவது வேறெதுவும் இல்லை.

இரண்டாம் படி: யாருடன் கைகோப்பது

வழிகாட்டியின் மையம் இதுதான். கணினி ஆடும் நாடு ஒன்று போர் தொடுக்குமுன் உங்கள் படையை மட்டும் எண்ணுவதில்லை, உங்களுடன் வரக்கூடியவர்களின் படையையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகையால் நீங்கள் ஆயிரக்கணக்கில் வீரர்களைத் திரட்ட முடியாவிட்டாலும், இருபதாயிரம் வீரர்களை உடைய ஒருவரின் நட்பைத் திரட்ட முடிந்தால், தாக்க வருபவர் பார்க்கும் கணக்கு மாறிவிடும்.

ஒரு நாடு கூட்டணிக்கு இணங்குமா என்பதை அறிய, கூட்டணி முன்மொழியும் பொத்தானின்மேல் சுட்டியை நிறுத்தினால் போதும். எந்தக் காரணம் எத்தனை புள்ளி கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று முழுப் பட்டியலும் விரியும். பொதுவான எதிரி இருப்பது கூட்டும், தொலைவு குறைக்கும், உங்கள் மாகாணத்தின்மேல் கண்வைத்திருப்பவர் பெரும்பாலும் இணங்கமாட்டார். குறை சிறிதாக இருந்தால், ஒரு தூதரை ‘இம்ப்ரூவ் ரிலேஷன்ஸ்’ பணியில் அனுப்பினால் மாதந்தோறும் நல்லெண்ணம் ஏறி, அந்த வழியில் மட்டும் 100 வரை சேரும். ரகூசா குடியரசாக இருப்பதால் மன்னராட்சிகளைப் போல் திருமண உறவு வைத்து நட்பை இறுக்க அதற்கு வழியில்லை. எனவே தூதர்களை ஒருநாளும் சும்மா இருக்கவிடக்கூடாது. ஆட்டம் ஓடத் தொடங்கும் முதல் நாளிலேயே அவர்கள் பயணத்தில் இருக்க வேண்டும்.

யாரைத் தேர்வது? வெனிஸையோ ஒட்டோமானையோ எதிரியாகக் கொண்டிருக்க வேண்டும், உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும், உங்கள் நிலத்தை விரும்பாதிருக்க வேண்டும். தொடக்கத்தில் புனித உரோமைப் பேரரசர் பதவி ஆஸ்திரியாவின் கையில் இருக்கிறது; இந்த மூன்று சோதனைகளிலும் அது பெரும்பாலும் தேறிவிடும். ஹங்கேரியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 1358-இன் ஒப்பந்தத்தை அறிந்தவர்க்கு அது இயல்பான துணையாகத் தோன்றும். ஆனால் ஒட்டோமான் முன்னேற்றத்தின் பாதையிலேயே ஹங்கேரி நிற்பதால், அதனுடன் சேர்வது உங்களைக் காப்பதைவிட அதன் போர்களுக்குள் உங்களை இழுப்பதற்கே அதிகம் உதவும். கூட்டாளியின் அழைப்பை மறுத்தால் மதிப்பும் குறையும், கூட்டணியும் முறியும். ஏற்றாலோ, ஒட்டோமான் பேரரசின் பார்வையில் நீங்கள் தனியே சமாதானம் பேசி விழுங்கத்தக்க சிறு துண்டு.

ஒட்டோமானுடனேயே கூட்டணி சேர முடிந்தால் சேரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மத வேறுபாடு நல்லெண்ணத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டணியைத் தடுக்காது. உண்மையான ரகூசாவும் இந்த விஷயத்தில் கூச்சப்படவில்லை: முஸ்லிம் நாடுகளுடன் வணிகம் செய்ய 1433-இல் பாசெல் திருச்சபைச் சங்கத்திடம் முறைப்படி அனுமதி வாங்கிவைத்துக்கொண்டு, ஹங்கேரி அரசரைத் தலைவராக மதித்தபடியே, சுல்தானின் அவைக்கும் தூதர்களை அனுப்பியது. ஆட்டத்தில் அந்த இரட்டை விசுவாசம் முழுமையாகக் கைகூடாது. ஒன்றுக்கொன்று பகையான இரண்டு அரசுகளுடன் கூட்டணி வைத்திருந்தால், அவை மோதும் நாளில் ஒன்றை இழப்பீர்கள்; எனவே முதலில் எழுதிவைத்த தாளைப் பார்த்து, தங்களுக்குள் மோதாத இருவரைத் தேர்ந்தெடுங்கள். உறவுகளின் எண்ணிக்கைக்கு அடிப்படை வரம்பு நான்கு. அதை மீறினால் அரசுறவுப் புள்ளிகள் மாதாமாதம் கரையும்.

வணிகக் குடியரசுக்கு மட்டும் உரிய இன்னொரு கருவியும் இருக்கிறது. ‘ட்ரேட் லீக்’ என்னும் வணிகக் கூட்டமைப்பின் தலைமையை அது ஏற்கலாம். உறுப்பினரான சிறு நாடுகள் தாக்கப்படும்போது தலைமைக்கும் கடமை வந்துசேரும் என்பதால், கூட்டமைப்பில் சேர விரும்பும் ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது ஆபத்து.

மூன்றாம் படி: வருமானம்

ஒரு மாகாணத்தின் நிலவரியை நம்பி எதையும் நடத்த முடியாது. ரகூசாவின் செல்வம் வணிகத்தில் இருக்கிறது, அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த நாட்டை ஆடக் கூடாது. வரைபடம் வணிக முனைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பணம் ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு ஒரே திசையில் நகர்கிறது. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ரகூசாவுக்கும், ரகூசாவிலிருந்து வெனிஸுக்கும் அது போகிறது. ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ளாத காசு பெரும்பாலும் உங்கள் போட்டியாளரின் பெட்டியை நோக்கியே ஓடுகிறது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா, செர்பியாவின் நோவோ பிர்தோ ஆகிய சுரங்கங்களின் வெள்ளி அக்காலத்தில் ரகூசா வணிகர்களின் கைவழியாக இத்தாலிக்குப் போனதையும், அந்த இடைத்தரகே நகரத்தை வளர்த்ததையும் நினைத்தால், ஆட்டத்தின் இந்த அமைப்பு வரலாற்றிலிருந்து வெகுதூரம் விலகியதாகத் தோன்றாது.

பங்கைக் கூட்ட மலிவான வழி இலகு கப்பல்கள். கடற்படை வரம்புக்குள் முடிந்தவரை இவற்றைக் கட்டி, வணிகக் காவல் பணியில் உங்கள் சொந்த முனையிலேயே விடுங்கள். கான்ஸ்டான்டிநோபிள் பெரியது என்பதால் அங்கே அனுப்பத் தோன்றும். ஆனால் அங்கே மாகாணம் இல்லாத உங்களுக்கு நான்கைந்து கப்பல்களால் கிடைக்கும் பங்கு அற்பம், அந்தக் கப்பல்கள் சொந்த முனையில் வெனிஸ் வணிகர் இழுத்துச்செல்லும் பணத்தைத் தடுத்து நிறுத்தினால் கிடைப்பது அதிகம். வீட்டு முனையில் வணிகர் ஒருவரை அமர்த்தினால் திரட்டும் திறன் கூடும். வேறு முனையில் திரட்டச் சொன்னால் உங்கள் வணிக ஆற்றல் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை மறவாதீர்கள். வெளியே அனுப்பும் வணிகரை எப்போதும் பணத்தை வீட்டை நோக்கித் திருப்பும் பணியில் வையுங்கள்.

செலவில், அமைதிக் காலத்தில் தரைப்படைப் பராமரிப்பைக் குறைத்துவைக்கலாம். ஆனால் மன உறுதி ஒரே நாளில் மீளாது. போர் வரும் அறிகுறி தெரிந்தால் சில மாதங்கள் முன்பே உயர்த்திவிட வேண்டும். ஆலோசகர்களுள் முதல்தர, மலிவானவர்களே தொடக்கத்தில் போதும். கடனை எண்ணிப் பயப்படவும் வேண்டாம், அதில் வாழவும் வேண்டாம். வெல்லும் போருக்காக வாங்கும் கடன் பிற்பாடு திரும்பிவரும், அமைதிக் காலப் பற்றாக்குறையை அடைக்க வாங்குவது திரும்பாது.

நான்காம் படி: புள்ளிகள்

நிர்வாகம், அரசுறவு, இராணுவம் ஆகிய மூன்று வகைப் புள்ளிகளும் ஒவ்வொரு மாதமும் அடிப்படையாக மூன்று, அதனுடன் ஆட்சியாளரின் திறன், அதனுடன் ஆலோசகரின் தரம் என்று சேர்கின்றன. ஆட்சியாளரின் திறன் ஆறு வரை போகலாம். நாட்டின் பரப்பு இந்தக் கணக்கில் நேரடியாக நுழையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேரரசுக்குக் கிடைக்கும் அடிப்படை மூன்றுதான் உங்களுக்கும் கிடைக்கிறது, உங்களுக்கோ அதைச் செலவிடப் பரந்த நிலம் இல்லை. சிறு நாட்டின் பெரிய சலுகை இதுவே. இராணுவத் தொழில்நுட்பத்தில் அண்டையாரைவிடப் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு (அத்தொழில்நுட்பத்தின் நான்காம் நிலை படைகளின் மன உறுதியை உயர்த்துவதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது), மிஞ்சும் புள்ளிகளை உங்கள் ஒரே மாகாணத்தை மேம்படுத்துவதில் போடலாம். ஆட்டம் ‘இன்ஸ்டிட்யூஷன்’ என்று அழைக்கும், நாடு நாடாகப் பரவும் காலப் போக்குகளுள் ஒன்றான மறுமலர்ச்சி 1450-இல் தோன்றும். ரகூசா இத்தாலிக்கு எதிர்க்கரையில் இருப்பதால் அது வந்துசேர நெடுங்காலம் பிடிக்காது.

குடியரசில் தேர்தல் வரும்போது, இருப்பவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தால் அவர் திறன் கூடும், குடியரசு மரபு குறையும். ஓரிரு முறை செய்யலாம். மரபு வெகுவாக இறங்கிய பிறகும் தொடர்ந்தால் குடியரசே கையைவிட்டுப் போகும். உண்மையான ரகூசாவில் ‘ரெக்டர்’ எனப்பட்ட தலைவர் ஒரே ஒரு மாதம்தான் பதவியில் இருப்பார் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர்கள் இந்த ஆசைக்கே இடம் வைக்கவில்லை.

நாட்டுக்கு நிலையான சலுகைகள் தரும் கருத்துத் தொகுதிகளின் முதல் இடம் நிர்வாகத் தொழில்நுட்பம் ஐந்தில் திறக்கும். வணிகத் தொகுதியை எடுக்கச் சொல்பவர்கள் பலர், கூடுதல் வணிகர்கள் கிடைப்பார்கள் என்பதும் உண்மை. என் தேர்வு அரசுறவுத் தொகுதி. முதல் ஐம்பது ஆண்டுகளில் கூடுதல் தூதர் தரும் பாதுகாப்பைக் கூடுதல் வணிகரின் வருமானம் ஈடுசெய்யாது.

ஐந்தாம் படி: முதல் போர்

படை வரம்பு நிறையும்வரை வீரர்களை வைத்திருங்கள். ஆள்பலம் போதாதபோது கூலிப்படையை நாடுங்கள், ஏனெனில் அவர்கள் உங்கள் ஆள்பலத்தைத் தின்பதில்லை. சண்டையின் பகடை சுழியத்திலிருந்து ஒன்பது வரை விழுகிறது. மலைநிலத்தில் தாக்குபவர்க்கு அதில் இரண்டு குறையும், ஆற்றைக் கடந்து வந்தால் ஒன்று குறையும். நாலைந்து படைப்பிரிவுகளுடன் ஆடுபவர் இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்தே ஒவ்வோர் அடியும் நகர வேண்டும்.

இலக்கைத் தேர்வதில்தான் பலர் இடறுகிறார்கள். அருகில் இருப்பதாலும் பலவீனமாக இருப்பதாலும் போஸ்னியப் பகுதி கண்ணை இழுக்கும். ஆனால் ஒட்டோமான் நாட்டின் இலக்குப் பட்டியல் பால்கன் நிலங்களை ஒவ்வொன்றாகக் கோரிக்கொண்டே வரும். வரலாற்றில் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள், 1459-இல் செர்பியா, 1463-இல் போஸ்னியா என்று அது நடந்தது. நீங்கள் போஸ்னியாவை எடுத்தால் அந்த உரிமைகோரலையும் சேர்த்து எடுக்கிறீர்கள், பேரரசுடன் நேரடி எல்லையும் வந்துசேர்கிறது. ரகூசா தன் நிலத்தை விரித்த விதத்தைப் பாருங்கள்: 1333-இல் பெல்யேஷாத்ஸ் தீபகற்பத்தையும், 1419-இலும் 1426-இலும் கொனாவ்லேயின் இரு பாதிகளையும் அது பணம் கொடுத்தே வாங்கியது. 1699-இலோ, வெனிஸுடன் எல்லை பகிர விரும்பாமல், நேயும் பகுதியின் கடற்கரைத் துண்டைத் தானாகவே ஒட்டோமானுக்கு விட்டுக்கொடுத்தது. போஸ்னியாவுக்கு இன்று அந்த இடத்தில் சிறிய கடற்கரை இருப்பதும் குரோவாஷியா இரண்டாகப் பிரிந்து தெரிவதும் அதனால்தான்.

ஆட்டத்தில் அவ்வளவு எளிதில் நிலம் விலைக்குக் கிடைக்காது; போரிட்டுத்தான் ஆக வேண்டும். எனவே ஒட்டோமான் பாதையில் இல்லாத நிலத்தை, குறிப்பாகத் தல்மாத்தியக் கரையில் வெனிஸின் கையிலுள்ள மாகாணங்களை, இலக்காகக் கொள்வதே மேல். வெனிஸில் ஒற்றர் வலையை 20 வரை வளர்த்து உரிமைகோரல் ஒன்றைப் புனைந்துகொள்ளுங்கள். காரணமின்றிப் போர் தொடுத்தால் நிலைத்தன்மை இரண்டு படி இறங்கும், அதைத் தாங்கும் வலு உங்களுக்கு இல்லை. பிறகு காத்திருங்கள். வெனிஸ் வேறொரு பெரிய போரில் சிக்கி, அதன் படைகள் தொலைவில் முற்றுகையிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆஸ்திரியாவைப் போன்ற கூட்டாளி வருவாரா என்பதைப் போர் அறிவிப்புத் திரையிலேயே பார்த்து உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள். நிலம் தருவதாக வாக்களித்துக் கூட்டாளியை அழைத்தால் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும். காப்பாற்றாவிட்டால் நம்பிக்கை சரிந்து, அடுத்த முறை அழைப்பதற்கு ஆள் இருக்கமாட்டார். வெனிஸின் கடற்படையுடன் மோத வேண்டாம், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் பூட்டிவிடுங்கள்.

சமாதானத்தில் ஒரு மாகாணம் போதும், இரண்டு என்றால் மிகுதி. ஒவ்வொரு கைப்பற்றலும் சுற்றியுள்ளவர்களிடம் ‘அக்ரஸிவ் எக்ஸ்பான்ஷன்’ என்னும் அச்சத்தை ஏற்றுகிறது; ஒரு நாட்டிடம் அது 50-ஐத் தாண்டினால் உங்களுக்கு எதிரான கூட்டில் அது சேரலாம். சமாதானம் முடிந்ததும் நிர்வாகப் புள்ளிகளைச் செலவிட்டுப் புது மாகாணத்தை முழு உரிமை நிலமாக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: பேரரசு படையெடுத்து வரும்போது

எவ்வளவு கவனமாக ஆடினாலும் ஒருநாள் ஒட்டோமான் போர் அறிவிக்கக்கூடும். அப்போது திறந்த வெளியில் நின்று சண்டையிடுவது வீண். இசைவு பெற்ற பாதைகள் வழியாகப் படையைக் கூட்டாளியின் நாட்டுக்கு நடத்திச்சென்று, அவரது பெரும்படையோடு சேர்த்துவிடுங்கள். நகரம் கோட்டையை நம்பிக் காத்திருக்கட்டும். துறைமுகம் கடல்வழி அடைக்கப்படாதவரை முற்றுகை மெதுவாகவே நகரும் என்பதால், கூட்டாளிகளின் கடற்படை அட்ரியாட்டிக்கில் இருப்பது பெரிய உதவி.

இங்கே ஓர் எண்ணிக்கை முக்கியம். ஒரே மாகாணம் உடைய நாட்டின் தலைநகர் வீழ்ந்தால் அதனிடம் கேட்பதற்கு வேறு எதுவும் மிஞ்சாது, அதையே கேட்பார்கள். முழுவதுமாக இணைத்துக்கொள்ளத் தேவைப்படும் போர் மதிப்பெண்ணும் குறைவு. இரண்டாவது மாகாணம் இருந்தால் பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. முற்றுகையின் போக்கைக் கவனித்துக்கொண்டே இருந்து, கோட்டை விழும் வாய்ப்பு அதிகரிக்கத் தொடங்கும்போதே சமாதானத் தூதரை அனுப்புங்கள். முதலில் பணம், பிறகு இழப்பீடு, அதற்கும் இணங்காவிட்டால் அந்த இரண்டாவது மாகாணம் என்ற வரிசையில் முன்மொழியுங்கள். ஒவ்வொன்றையும் ஏற்பார்களா என்பது அனுப்புமுன்பே திரையில் தெரியும். கடன் வாங்கியாவது பணத்தோடு முடிக்க முடிந்தால் தயங்காமல் முடியுங்கள், ஆண்டுக்கு 12,500 தூகாத்து கட்டியவர்களின் நாடு இது.

உடன்படிக்கை கையெழுத்தானதும் போர்நிறுத்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதைக் குறித்துவையுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது இருக்கும், தண்டனை கடுமையாக இருந்தால் பதினைந்து வரை நீளும். அந்தத் தேதிக்குள் கடனை அடைத்து, படை வரம்பை நிரப்பி, முறிந்த கூட்டணிகளுக்கு மாற்றுத் தேடியிருக்க வேண்டும். தூதர்களை அன்றைக்கே அனுப்புங்கள். ஆனால் பழைய தாளைப் பார்த்து அனுப்பாதீர்கள், போருக்குப் பின் ‘ரைவல்’ பட்டியல்கள் பெரும்பாலும் மாறியிருக்கும்.